பதினான்காவது கேள்வி

ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம் அவளுக்கு நெஞ்சு படபடக்கத் தொடங்கியது. முப்பத்தைந்து வருடம் மருத்துவமனை வார்டில் நர்ஸாக நின்றவள். எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள். எதிலும் குறை இல்லை. அவளிடம் ஊசி போடக் கற்றுக்கொண்டவர்தான் இப்போது அங்கே பெரிய டாக்டர்.

“உங்களுக்கு ஒண்ணுமில்ல சிஸ்டர். சும்மா இருக்கறது ஒத்துக்கல, அவ்வளவுதான்.”

மருமகளும் அதையேதான் நினைத்தாள். மாமியார் சமையலறை டப்பாக்கள் எல்லாவற்றுக்கும் தேதி எழுதிய சீட்டு ஒட்டியிருந்தாள். காலையில் எழுந்ததும் ஒவ்வொருவர் நெற்றியிலும் புறங்கை வைத்துப் பார்த்தாள்.

“அத்தை, காய்ச்சல் வந்தா நானே வந்து சொல்றேன். உங்களுக்குச் சொல்லாம வேற யாருக்குச் சொல்லப் போறேன்?”

மருமகளுக்குக் கல்லூரி அலுவலகத்தில் வேலை. பார்வையற்றவர்களுக்காகத் தேர்வு எழுத ஆள் தேடுகிறார்கள் என்று ஒரு படிவம் கொண்டுவந்தாள். தானே நிரப்பினாள். தொழில் என்ற இடத்தில் ‘வீட்டில் இருக்கிறார்’ என்று எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினாள்.

மாணவர் சொல்வதை எழுத வேண்டும். சொன்னதை மட்டும். எழுதுபவருக்கு அந்தப் பாடம் தெரிந்திருக்கக் கூடாது. கடைசி அரை மணி நேரத்தில் முழு விடைத்தாளையும் வாசித்துக் காட்ட வேண்டும். விதிகள் இவ்வளவுதான்.

நான்கு முறை போனாள். நான்கும் வரலாறு. அந்த நாட்களில் படபடப்பு வரவில்லை.

ஐந்தாம் முறை அவளுக்குரிய மாணவன் வரவில்லை. அடுத்த அறையில் ஒரு மாணவிக்கு எழுத ஆள் வரவில்லை. கண்காணிப்பாளருக்குக் கடுமையான ஜலதோஷம். கைக்குட்டைக்குள்ளிருந்து பேசினார்.

“மசாஜ் படிப்பு. உடம்பு பத்தின பேப்பர். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாதே?”

தெரியும் என்றால் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். மணி பத்துகூட ஆகவில்லை.

“தெரியாது” என்றாள்.

மாணவிக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். மடக்கிய கோலை மடியில் வைத்திருந்தாள்.

“நான் வேகமாப் பேசுவேம்மா. கை வலிச்சா சொல்லுங்க.”

“நீ சொல்லு கண்ணு” என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“அட, அப்படியே கூப்பிடுங்க. எங்க வீட்லயும் அதான். போன தடவை மூணு மார்க்ல போச்சு. இந்தத் தடவையும் போனா எங்கண்ணன் என்னை எங்கயாவது போன் எடுக்கற வேலைக்கு அனுப்பிடுவான். நாள் பூரா ஹலோ ஹலோன்னு கத்திட்டு உக்காந்திருக்கணும்.”

எலும்புகள், தசைகள், மூட்டுகள். பெண் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். எல்லாம் பழகிய சொற்கள். வார்டுக்கே திரும்பி வந்ததுபோல் இருந்தது. பதினான்காவது கேள்வியை வாசித்தாள்: ஒருவருக்கு ஒரு காலின் ஆடுசதை மட்டும் வீங்கி, சூடாக, வலியோடு இருக்கிறது. என்ன செய்வீர்கள்?

“கீழிருந்து மேலாக மெதுவாகப் பிடித்துவிட வேண்டும். பத்து நிமிடம்” என்றாள் பெண்.

அவள் எழுதினாள். அடுத்த கேள்விக்குப் போனார்கள்.

எழுதி முடித்ததும் முதல் பக்கத்திலிருந்து வாசித்துக் காட்டத் தொடங்கினாள். பெண் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டாள். ஏழாம் பக்கம் வந்தது.

“பதினாலு” என்று சொல்லி நிறுத்தினாள்.

தாளில் அவள் கையெழுத்தில் இருந்தது: பிடித்துவிடக் கூடாது. காலை அசைக்காமல் உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

எப்போது எழுதினாள் என்று நினைவில்லை. வார்டில் இது தினமும் நடக்கும். புதிதாக வந்த டாக்டர் வாயால் மருந்துக்கு ஒரு அளவு சொல்வான். அவள் சரியான அளவை எழுதி, கையெழுத்துக்கு நீட்டுவாள். அவனும் பேசாமல் போடுவான். யாரும் யாரையும் குறை சொன்னதில்லை. நோயாளிகள் பிழைத்தார்கள்.

“ஏம்மா நிறுத்திட்டீங்க?”

பெண் சொன்னது அவளுக்கு வரிக்கு வரி ஞாபகம் இருந்தது. அதையே வாசித்துவிடலாம். ஒருவருக்கும் தெரியாது. பெண்ணுக்கு ஐந்து மார்க் வரும். சொன்னால் தாளே ரத்தாகலாம். சொல்லாவிட்டால் இந்தப் பெண் பாஸாகி, ஒரு நாள் அந்த மாதிரி ஒரு காலைத் தொடுவாள்.

“நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். நீ சொன்னத எழுதல.”

“பின்ன?”

“சரியானத எழுதிட்டேன், பிடிச்சுவிடக் கூடாதுன்னு. நான் நர்ஸு.”

பெண் முன்னால் சாய்ந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“எத்தனை இடத்துல?”

அவள் மீதிப் பக்கங்களைப் புரட்டி வரி வரியாகப் பார்த்தாள்.

“இது ஒண்ணுதான்.”

“சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கவே போறதில்ல.”

“ஆமா.”

“உங்களுக்கென்ன பைத்தியமா?”

அவள் கையை உயர்த்தினாள். கண்காணிப்பாளர் வந்தார். நின்றபடியே கேட்டார்.

“பாடம் தெரியாதுன்னீங்களே?”

“பொய் சொன்னேன் சார்.”

“எதுக்கு?”

“வீட்டுக்குப் போகப் பிடிக்கல. தப்பு என் பேர்ல. அவ பேப்பரை ஒண்ணும் பண்ணிடாதீங்க.”

அவர் தாளை எடுத்துக்கொண்டு வெளியே போனார். தேர்வு முடியப் பதினோரு நிமிடம் இருந்தது. பெண் கோலின் கயிற்றை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், சுற்றினாள். சுவர்க் கடிகாரத்தின் சத்தம் மட்டும் கேட்டது.

ஆறு நிமிடம் இருந்தபோது அவர் திரும்பினார்.

“மேலிடத்துல கேட்டுட்டேன். நீங்களே முன்வந்து சொன்னதால ரத்து இல்ல. அந்த விடையை அடிச்சிட்டு, அவங்க சொன்னத அப்படியே எழுதுங்க. பக்கத்துல நீங்க கையெழுத்து, அவங்க கைரேகை. மத்ததெல்லாம் செல்லும்.”

பெண் மூச்சை விட்டாள். “சார், அப்படியே சரியான விடையையும் இப்ப சொல்லிடட்டுமா?”

“என்னைப் பார்த்தா உனக்கு எப்படித் தெரியுது?”

“எப்படியும் தெரியல சார்.”

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் தும்மலில் முடிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார்.

“படிவத்துல தொழிலை மாத்தி எழுதிக் குடுத்துட்டுப் போங்கம்மா. இனிமே உடம்பு சம்பந்தப்பட்ட பேப்பர் பக்கம் தலைவைச்சுப் படுக்காதீங்க.”

அவள் பேனாவைப் பிடித்தாள். ‘கீழிருந்து மேலாக’ என்று தொடங்கி ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். பத்து நிமிடம் என்று முடித்து, புள்ளி வைத்தாள்.

தாழ்வாரத்தில் பெண் கேட்டாள்:

“ஏன் பிடிச்சுவிடக் கூடாது?”

“உள்ளே ரத்தம் உறைஞ்சிருக்கலாம். நீ அமுக்கினா அது கழண்டு நுரையீரலுக்குப் போயிடும்.”

“போனா?”

“சில சமயம் ஆளே போயிடும்.”

பெண் நின்றுவிட்டாள்.

“போன மாசம் பயிற்சிக்கு ஒரு அம்மா வந்தாங்க. ஒரு கால்தான் வீங்கியிருந்தது. நான் பண்றேன்னு சண்டை போட்டேன். எங்க சார் விடாம டாக்டர்கிட்ட அனுப்பிட்டார். காரணமும் சொன்னார். கோவத்துல காதுல வாங்கல.” கோலைத் தரையில் இரண்டு முறை தட்டினாள். “நல்லவேளை.”

“நல்லவேளை” என்றாள் அவளும்.

“அஞ்சு மார்க் போச்சு. மீதி தேறுமாம்மா?”

“தேறும். இடுப்பெலும்பு பத்தி நீ சொன்னது எங்க டாக்டருங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியாது.”

படி வந்தது. அவள் பெண்ணின் முழங்கையைப் பிடித்தாள்.

“மூணு படி இருக்கு.”

“தெரியும். ரெண்டு வருஷமா இறங்கறேன்.”

கையை எடுத்துக்கொண்டாள். பெண் மளமளவென்று இறங்கிக் கீழே போய் நின்றாள்.

“திங்கக்கிழமை கடைசிப் பேப்பர். கடை வைக்கற சட்டம், லைசென்ஸ், அந்த மாதிரி. அதுல உங்களுக்கு என்ன தெரியும்?”

“ஒரு மண்ணும் தெரியாது.”

“சத்தியமா?”

“என் மருமகளைக் கேட்டுப் பாரு.”

“அப்ப நீங்களே வாங்க. ஒன்பதரைக்கு.” பெண் கோலை நீட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். “நல்ல பேனாவா கொண்டு வாங்கம்மா. இது மூணு மணி நேரமாக் கீச்சு கீச்சுன்னு உயிரை வாங்கிடுச்சு.”

வீட்டுக்குப் போகும் வழியில் அவள் இரண்டு பேனா வாங்கினாள். கடைக்காரரின் தாளில் இரண்டையும் எழுதிப் பார்த்தாள். சத்தமே வரவில்லை.