சொல்லாமல் வந்த நர்ஸ்

இன்றோ நாளையோ என்று கிடந்த தராசுக்காரர் புதன்கிழமைதோறும் காலை பத்து மணிக்குப் பூரண குணமாகிவிடுவார். நர்ஸ் கிளம்பிப் போனதும் பழையபடி சாகக் கிடப்பார். இனி வைத்தியம் இல்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரி கையை விரித்துவிட்டது. வீடு தேடி வரும் மருத்துவச் சேவையிலிருந்து நர்ஸ் வந்து, உடம்பை அளந்து பார்த்து, தேவை என்று எழுதினால்தான் வலிக்கான ஊசி தொடரும். இவரோ வாசல் மணி அடித்ததும் எழுந்து உட்கார்ந்து, சட்டைப் பொத்தானைப் போட்டு, தலையும் வாரிவிடுவார். ரத்த அழுத்தம் நூற்றிருபதுக்கு எண்பது. நாடி எழுபத்திரண்டு. நோய் தின்ற எடை எந்த வழியாக வந்ததோ, அப்படியே திரும்பியிருக்கும். நினைவைச் சோதிக்க நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னால், பூஜ்யத்துக்குக் கீழேயும் இறங்கிப் போய்க்கொண்டே இருப்பார். போதும் சார் என்று நர்ஸ்தான் கெஞ்ச வேண்டும். வலி எவ்வளவு என்றால் சுத்தமாக இல்லை என்பார். போதாக்குறைக்கு, "இந்த எடை மிஷினுக்குக் கடைசியா எப்பம்மா முத்திரை போட்டீங்க?" என்று அவளையே விசாரிப்பார்.

கேட்காமல் என்ன செய்வார்? வேலையில் இருந்த காலமெல்லாம் கடைத் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரை வைத்த அதிகாரி அவர். அவர் தெருமுனையில் திரும்பும்போதே எல்லாக் கடைகளிலும் முள் நடுவில் வந்து நிற்கும். அவர் தலை மறைந்ததும் அது எந்தப் பக்கம் சாயும் என்பது கடைக்காரருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அத்தனை வருஷம் பக்கத்தில் நின்று பார்த்த வித்தையை உடம்பு சத்தமில்லாமல் கற்று வைத்திருக்கிறது, வேறென்ன சொல்ல.

நர்ஸின் வண்டிச் சத்தம் தேய்ந்ததும் வந்த எடை வடிந்துவிடும். மெத்தையில் ஆள் இருப்பதே தெரியாது, அலறல் மட்டும் கேட்கும். அந்த நேரம் பார்த்து மகனுக்கு மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் அவசர வேலை வந்துவிடும். மனுஷனுக்கு அப்பா அழுவதைப் பார்க்கிற தெம்பு கிடையாது. மருமகள்தான் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஒரு புதன்கிழமை மருமகள் நர்ஸை வாசலில் மடக்கினாள். "நீங்க இருக்கிற வரைக்கும்தான் இந்த ஜோரு சிஸ்டர். அப்புறம் உயிர் போகுதுன்னு கத்துறார்."

"நான் என்னக்கா பண்ணட்டும்? மிஷின் காட்டுறதைத்தானே எழுத முடியும். இன்னொரு தடவை இப்படி வந்தா ஊசியை நிறுத்திடுவாங்க."

அன்று சாயங்காலம் மருமகள் பொறுக்க முடியாமல் அவரிடமே சண்டைக்குப் போனாள். எதற்கு மாமா இந்த நடிப்பு என்றாள். தராசுக்காரர் குழந்தை மாதிரி அழுதுவிட்டார். "வேணும்னேவா பண்றேன்? யாராவது அளக்க வந்தா உடம்பு தானா நிமிருதும்மா." அவளுக்கும் அழுகை வந்தது. மூக்கைச் சிந்திவிட்டு, சரி, உங்களை ஏமாத்துன கடைக்காரங்களை நீங்க எப்படிப் பிடிச்சீங்க என்று கேட்டாள். "பையை வெளியே வச்சுட்டு, சாமான் வாங்க வந்தவன் மாதிரி போவேன். சொல்லிட்டுப் போனா எவன் மாட்டுவான்?" என்றவர், பழைய கெட்டிக்காரத்தனத்தை நினைத்து வலியிலும் கொஞ்சம் சிரித்தார். மருமகள் போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நர்ஸ் வீட்டில் கட்டுகிற புடவையோடு, பையைப் பக்கத்து வீட்டில் போட்டுவிட்டு, ஏணி இரவல் கேட்க வந்தவள் போலக் கொல்லைக் கதவு வழியாக நுழைந்தாள். கட்டிலில் தலையணை நீளத்துக்கு ஒரு மனுஷன் துண்டைக் கடித்துக்கொண்டு கிடந்தார். அட பாவமே என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். சத்தம் கேட்டுத் திரும்பினார். வழக்கம்போல முதுகு நிமிரத் தொடங்கியது, கன்னம்கூடக் கொஞ்சம் உப்பியது. ஆனால் ஆயிரம் பேரைக் கையும் களவுமாகப் பிடித்த அதிகாரி, இன்று தானே பிடிபட்டதை மறைக்கப் பார்க்கவில்லை. கையைத் தூக்கித் தன் உடம்பையே நிறுத்தினார். "வேணாம். மாட்டியாச்சு. பார்த்ததைப் பார்த்தபடி எழுதும்மா" என்றார். அவள் எழுதினாள். ஊசியும் நிற்கவில்லை.

இரண்டு மாதம் தாங்கினால் அதிகம் என்று டாக்டர் சொன்னவர் அதற்குப் பிறகு நாலு வருஷம் இருந்தார். கோப்புக்காகச் சொல்லாமல் ஒரு தடவை, அவருக்காகச் சொல்லிவிட்டு ஒரு தடவை என்று நர்ஸ் இரண்டு விதமாக வந்தாள். சொல்லிவிட்டு வருகிற புதன்கிழமைகளில் அவர் குளித்து, தெருவில் ஒரு நடை போய், மளிகைக் கடைத் தராசை ஒரு முறை முறைத்துவிட்டு வருவார். மகனும் மெல்ல மாடியிலிருந்து இறங்கி, எரியாத விளக்கு, ஒழுகுகிற குழாய் எல்லாவற்றையும் அப்பா கையால் சரிசெய்யட்டும் என்று புதன்கிழமைக்கு எடுத்து வைத்தான்.

கடைசியில் ஒரு மழைநாள் காலையில் அவர் மூச்சு நின்றது. இறப்பை உறுதி செய்ய வந்த டாக்டர் மணிக்கட்டைத் தொட்டார், நாடி எழுபத்திரண்டு. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு படி இறங்கினார், மூச்சு நின்றது. திரும்பி வந்தார், எழுபத்திரண்டு. "என்னை வச்சு விளையாடுறீங்களா?" என்று அவருக்குக் கோபம் வந்துவிட்டது. தராசுக்காரர் ஓய்ந்துபோய், போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் கிடந்தார். அவரை விட்டுடுங்களேன் என்று மருமகள் கதறினாள்.

நர்ஸ் வந்தாள். பையை வாசலில் வைத்தாள், கைக்கடிகாரத்தையும் கழற்றி அதற்குள் போட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து, விரல் நாடியில் படாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அளக்கலையாம்மா?"

"இல்ல சார். சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

அப்பாடா என்றார். அந்த மூச்சோடு போய்விட்டார்.

டாக்டர் உள்ளே வரவில்லை. வாசலிலேயே குடையைப் பிடித்துக்கொண்டு சான்றிதழ் எழுதினார். எத்தனை மணிக்கு என்று கேட்டார். அந்த அறையில் யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. அந்த இடத்தைக் காலியாகவே விட்டுக் கையெழுத்துப் போட்டார்.