இருபதுக்கு இருபது

இணையவழிப் பொருளியல் மாணவர்களின் மாதத் தேர்வுத் தாள்களில் ஒன்றை மட்டும் பேராசிரியர் காந்திமதிநாதன் படிக்காமலே மதிப்பெண் போட்டார். இருபதுக்கு இருபது. தாளின் தலையில் 'லோகநாயகி, குற்றாலம், பார்வையற்றவர்' என்று இருந்தது. படம் வரையச் சொன்ன இரண்டு கேள்விகளுக்கும் விடையே இல்லை. இலஞ்சி முருகன் கோயிலில் வெள்ளிதோறும் அன்னதானம் பரிமாறுகிறவர் காந்திமதிநாதன். பசித்தவருக்கு ஒரு கரண்டி கூடுதலாக வைத்த நிறைவோடு அந்தத் தாளை மூடினார்.

நான்காம் நாள் லோகநாயகியே தென்காசியில் இருந்த அவர் கல்லூரிக்குப் பஸ் ஏறி வந்துவிட்டாள். அருவியில் குளித்துவிட்டு வந்த ஐயப்ப சாமிமார் கூட்டத்தில் நின்றுகொண்டே வந்திருந்தாள். ஆசிரியர் அறையில் உட்கார்ந்து கோலை மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"சார், என் மார்க்கை எடுத்துருங்க."

"ஏம்மா? முழுசாத்தானே போட்டிருக்கேன்."

"எழுதாத கேள்விக்கும் போட்டிருக்கிய. அடுத்த மாசம் பல்கலைக்கழகத் தாளை நீங்களா திருத்தப் போறிய? போன வருசம் இதே பேப்பர்ல தோத்தேன். இந்தத் தடவையும் தோத்தா படிப்பு போதும்னு வீட்டுல சொல்லியாச்சு. எனக்குப் பாடம் வேணும் சார்."

"இருபத்துநாலு பாடம் வீடியோ எடுத்துப் போட்டிருக்கேனேம்மா."

அவள் போனில் ஏழாவது பாடத்தை ஓடவிட்டாள். அவருடைய குரல்தான். "இந்தா, இது இங்கன கிளம்பி இங்கன வருது. அதை இது இங்கன வெட்டுது. புரியுதுல்லா?" பிறகு சாக்பீஸ் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"புரியலை சார்" என்றாள் லோகநாயகி.

பக்கத்து மேசையிலிருந்த இராமலட்சுமி டீச்சர் தலை நிமிராமல் சொன்னார். "கண்ணு தெரிஞ்ச பிள்ளைகளுக்கே உங்க இங்கன எங்கனன்னு தெரியாது சார்."

காந்திமதிநாதனுக்குச் சிரிப்பு வரவில்லை. "குறிப்பெல்லாம் என் கைப்பட எழுதி ஏத்தியிருக்கேனே" என்றார்.

"எழுத்தா இருந்தா போன் வாசிச்சுக் காட்டும் சார். நீங்க எழுதினதைப் படம் பிடிச்சுல்லா போட்டிருக்கிய? நாப்பது பக்கத்துக்கும் படம், படம்னு மட்டும்தான் சொல்லுது."

முப்பது வருடமாகத் தெரிந்ததில் எதையும் ஒளிக்காமல் சொல்லிக்கொடுத்ததாகவே அவர் நம்பியிருந்தார். இப்போது பந்தியில் ஒருத்தியை உட்காரவைத்து, ஒன்றும் பரிமாறாமலே, வயிறு நிறைந்ததென்று எழுதிக் கொடுத்திருக்கிறார். இரக்கம் என்று நினைத்துச் செய்ததில் இரக்கம் எவ்வளவு, தன் வேலை மிச்சம் என்ற எண்ணம் எவ்வளவு என்று அவருக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. முருகா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

வாயாலேயே விளக்கிப் பார்த்தார். செங்குத்து அச்சு என்றார், சரிவு என்றார். பிறவியிலேயே பார்வை இல்லாதவளுக்கு அவை வெறும் சொற்களாகவே நின்றன. பிறகு, "கல்யாண வீட்டுல இலையில சாப்பிட்டிருக்கேல்லா?" என்று கேட்டார்.

"அதை மட்டும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம் சார்."

"நுனி எந்தப் பக்கம்?"

"இடது கைப் பக்கம்."

"உப்பு?"

"நுனிப் பக்கம், மேல ஓரமா."

"பாயசம்?"

"வலது பக்கம், கீழ."

"உப்புல இருந்து பாயசத்துக்கு ஒரு கோடு இழு."

அவள் மேசைமேல் விரலால் இழுத்தாள்.

"அதான் தேவைக் கோடு. இலையோட இடது ஓரம் விலை. உன் பக்கத்து ஓரம் அளவு. உப்பு கிட்ட விலை கூடுதல், வாங்குறது கொஞ்சம். பாயசத்துக்கு இறங்க இறங்க விலை குறையுது, வாங்குறது கூடுது."

லோகநாயகியின் விரல் அந்த வழியே இன்னொரு முறை போய் வந்தது. "அப்ப விக்கிறவங்களோட அளிப்புக் கோடு இடது கீழ இருந்து வலது மேல ஏறணும். ரெண்டும் சோறு கிட்ட வெட்டிக்கிடுது. சரியா சார்?"

"சரிதாம்மா" என்றார்.

அவள் எதிரிலேயே தாளை எடுத்து ஒழுங்காகப் படித்துத் திருத்தினார். ஒன்பது வந்தது. இருபதை அடித்து ஒன்பது என்று எழுதி, மூன்று வாரத்தில் மறுதேர்வு என்று தேதி குறித்தார்.

மறுநாளிலிருந்து கல்லூரி திறக்கும் முன்பே வந்து பாடங்களைத் திரும்பப் பதிவுசெய்தார். ஒவ்வொன்றும் முதலில் லோகநாயகிக்குப் போகும். "எட்டாவது நிமிசத்துல மறுபடி கையை நீட்டிட்டிய சார்" என்று பதில் வந்தால் அந்த இடத்தைத் திரும்பச் சொல்வார். மதியச் சாப்பாடு முடிந்ததும் இராமலட்சுமி டீச்சர் காந்திமதிநாதனின் குறிப்புகளைத் தட்டச்சு செய்தார். அதைச் செய்யச் சொல்லி டீச்சரை யாரும் கேட்கவில்லை. மூன்று வாரத்தில் பதினொரு பாடங்கள்தான் முடிந்தன. தேர்வுக்கு மிக வேண்டிய பதினொன்று.

மறுதேர்வில் லோகநாயகி சொல்லச் சொல்ல உதவியாளர் எழுதினார், வரைந்தார். காந்திமதிநாதன் பதினான்கரை போட்டார். அன்று மாலையே அவள் போன் செய்தாள்.

"சார், நாலாவது கேள்வியில அரை மார்க் எதுக்குக் குறைச்சிய?"

"படத்துல ஒரு அச்சுக்குப் பேர் இல்லையேம்மா."

"நான் சொன்னேன் சார். எழுதினவங்க விட்டிருப்பாவ."

"பல்கலைக்கழகத்துலயும் விட்டா விட்டதுதான். முடிச்சதும் பூராத்தையும் வாசிச்சுக் காட்டச் சொல்லிக் கேளு. அது உன் உரிமை."



"சரி சார். கேக்கேன். ஆனா இந்த அரை மார்க்..."

"போட மாட்டேம்மா" என்றார் காந்திமதிநாதன்.