ஓர் ஆளுக்கான அறை

எங்கள் மெருகு அறையில் ஒரே ஓர் ஆள்தான் இருக்கலாம். ஏசியை ஓர் உடம்பின் சூட்டுக்குத்தான் கணக்குப் பண்ணி வைத்திருக்கிறார்கள். பதினொரு வருஷமாக அந்த உடம்பு நான்தான். நான் தேய்த்து மெருகேற்றும் புளோரைடு படிகத்துக்கு அவ்வளவு திமிர். கைச் சூடு பட்டால் புடைக்கும், சட்டென்று குளிர்ந்தால் விரிசல் விடும். மாமியாரே தேவலை!

மகன் சின்ன வயதில் பள்ளி விட்டு வந்து கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நிற்பான். வராதே என்று கையைக் காட்டுவேன். அவன் அப்பா எங்களை விட்டுப் போனபின் இந்த வேலைதான் சோறு போட்டது. வேறென்ன செய்ய?

அன்றைக்கு ஆறு வாரம் தேய்த்த படிகத் தட்டுக்குக் கடைசிச் சோதனை. சோதனைக் கண்ணாடியை மேலே வைத்து மஞ்சள் விளக்கைப் போட்டால் கறுப்புக் கோடுகள் தெரியும். கோடு நேராக இருந்தால் தட்டு சமம். நேராகத்தான் இருந்தன. சாயங்காலம் அது போயாக வேண்டும்.

நிமிர்ந்தால் தடுப்புக்கு வெளியே மகன், தோளில் பெரிய பையோடு. மூன்று மணிக்கு விமானம், திரும்பி வர நாலு வருஷம். கதவைக் கொஞ்சமாகத் திறந்தேன்.

"காலையிலேயே சொல்லிட்டுத்தானேடா கிளம்பின?"

"சும்மாதான்மா. உள்ள எப்படி இருக்குன்னு ஒரு தடவை பாத்துட்டுப் போறேன்."

 என்ன ஆனாலும் ஆகட்டும் என்று உள்ளே விட்டேன்.

குனிந்து பார்த்தான். "இதைத்தான் என்னைவிடப் பொத்திப் பொத்தி வளத்தியா?" விளையாட்டாகத்தான் கேட்டான். எனக்குச் சுருக்கென்றது.

கொஞ்ச நேரத்தில் கோடுகள் வளைந்தன. "ஐயோ, என்னாலயா?"

"உன் சூடுதான். பரவாயில்ல, நில்லு."

என் கையைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் நின்றுவிட்டுப் போனான்.

மேலாளர் போன் செய்தார். மகன் வந்து போனதைச் சொன்னேன்.

"அறிவிருக்காம்மா உனக்கு? சரி, சூடு இறங்கட்டும். நேரானதும் சொல்லு, ஆள் அனுப்பி எடுத்துக்கிறேன்."

உட்கார்ந்து கோடுகளையே பார்த்தேன். வளைவு மெல்ல மெல்லக் குறைந்தது. மூன்று மணி தாண்டியது. மூன்றரைக்கு அளவுகோல் வைத்துக் கிழித்த மாதிரி நேராகிவிட்டன. அறை மறுபடியும் ஓர் ஆளுக்கானதாகிவிட்டது. பாழாய்ப்போன அழுகை வந்தது. படிகத்தில் படாமல் தள்ளிப் போய் அழுதேன்.

மறுபடி போன். "என்னம்மா, நேராயிடுச்சா?"

"இல்ல சார்," என்றேன். "இன்னும் கொஞ்சம் வளைஞ்சுதான் இருக்கு."