இன்ஸ்பெக்டர் பூசிய சிமெண்ட்

அக்கா வீட்டுக்கு அடுத்த வீட்டில் பட்டப்பகலில் ஜன்னலைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போயிருக்கிறான் ஒரு திருடன். அக்காவுக்கு அறுபத்திரண்டு வயது. கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவள், அப்பாவின் வீட்டில் தனியாக இருக்கிறாள். மறுநாளே கிரில்காரரைக் கூட்டிக்கொண்டு போய் நின்றேன்.

முன்னறைக்குச் சரி என்றாள். சமையலறைக்கும் சரி. பின்னறை ஜன்னலுக்கு மட்டும் வேண்டவே வேண்டாம் என்றாள். கேட்டால் காற்று வராதாம். கிரில் போட்டால் காற்றுக்கு என்ன கேடு? அவள் பிடிவாதம் ஊரறிந்தது, என் வாய் அதைவிட ஊரறிந்தது. இதையும் அடைக்காவிட்டால் மூட்டையைக் கட்டு, என் வீட்டுக்கு வா, உன்னை இங்கே தனியாக விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் சுண்டிப்போனது. அந்த வீட்டை விட்டால் அவளுக்கு வேறு உலகம் இல்லை.

அளவாவது எடுக்கட்டும் என்று கிரில்காரரைப் பின்னறைக்குள் தள்ளினேன். அவர் சுத்தியலால் ஜன்னல் சட்டத்தைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நிலைமையைச் சமாளிக்க நான் பழைய கதையை எடுத்துவிட்டேன்.

அப்பா தையல்காரர். முன்னறையில் வாசலை அடைத்த மாதிரி மிஷின். அவர் கண்ணில் படாமல் ஈ கூட வெளியே போக முடியாது. ஒருமுறை எதிர்வீட்டில் திருட்டுப் போனதும் மனிதர் ஆடிப்போய்விட்டார். அன்றிலிருந்து பதினோரு வயதான எனக்கு ஓர் உத்தியோகம் கிடைத்தது. தினமும் சாயங்காலம் அளவு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு ஜன்னல் கம்பியாக ஆட்டிப் பார்ப்பேன். சரி என்று நான் கத்தினால், சரிங்க இன்ஸ்பெக்டர் என்று அப்பா மிஷினை நிறுத்திவிட்டுச் சொல்வார். பக்கத்தில் காலருக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கும் அக்கா விழுந்து விழுந்து சிரிப்பாள். மிஷின் எண்ணெய் வாசனையும் புதுத்துணி வாசனையுமாக அந்தச் சாயங்காலங்கள்!

ஒரு சனிக்கிழமை இதே ஜன்னலின் மூன்றாவது கம்பி கையோடு வந்தது. பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு டப்பா சிமெண்ட் கேட்டு வாங்கிவந்து, கம்பியை நிறுத்தி, நானே அப்பினேன். ஒரு வாரம் வந்த வாடிக்கைக்காரர்களுக்கெல்லாம் அப்பா அதைக் காட்டினார்.

நான் இந்தப் பெருமையைச் சொல்லி முடிப்பதற்குள் அந்தச் சிமெண்ட் பொலபொலவென்று உதிர்ந்தது. கிரில்காரர் கம்பியைத் தூக்கிவிட்டு, குழியை விரலால் தடவினார்.

"இது மரம் உளுத்ததில்லம்மா. யாரோ உள்ளேயிருந்து செதுக்கியிருக்காங்க."

திருடன் எதற்கு உள்ளேயிருந்து செதுக்கப்போகிறான் என்று நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"நான்தான்," என்றாள் அக்கா.

கிரில்காரர் நல்ல மனிதர். டேப்பை வண்டியில் விட்டுவிட்டேன் என்று வெளியே போனார். டேப் அவர் கையில்தான் இருந்தது.

அடுத்த தெருவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவரை எனக்கும் ஞாபகம் இருக்கிறது. அவரோடு ஊரைவிட்டுப் போக, அவர் கொடுத்த ஸ்க்ரூடிரைவரால் பதினோரு நாள் செதுக்கினாளாம். அப்பாவின் மிஷின் ஓடும்போது செதுக்குவாள், மிஷின் நின்றால் நிறுத்துவாள். ஒரு கம்பி போதும், அப்போது அவள் அவ்வளவு ஒல்லி. நான் சிமெண்ட் அப்பிய மறுநாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சொன்னபடி அவர் பின்பக்கச் சந்துக்கு வந்திருக்கிறார். அவசரத் துணிக்குப் பொத்தான் தைக்கச் சொல்லி அப்பா இவளை முன்னறையில் பிடித்து உட்கார வைத்துவிட்டார். ஜன்னலில் ரேடியோக்காரர் பார்த்தது ஈரம் காயாத சிமெண்ட்டை. இவளே அடைத்துவிட்டாள், இதுதான் பதில் என்று எண்ணி அடுத்த பஸ்ஸில் ஊரைவிட்டுப் போய்விட்டார். இரண்டு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. புரிந்துகொண்டேன், நன்றாக இரு. விலாசம் இல்லை.

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

"அப்பவே என்னை நாலு அறை அறைஞ்சிருக்கலாமேக்கா. இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"இப்பவும் சொல்லியிருக்க மாட்டேன். சிமெண்ட்டை உடைச்சா உனக்குத் தெரிஞ்சிடும்னுதான் இந்த ஜன்னல் வேண்டாம்னேன்." உதிர்ந்ததைக் கையால் கூட்டி ஒதுக்கினாள். "அன்னிக்கு அப்பா உன்னைத் தோள்ல தூக்கி வச்சிருந்தார். இனிமே இந்த வீட்டுக்கு ஒருத்தரும் வர முடியாதுன்னு கத்தினே. நீ சொன்னது சரிதான். யாரும் வரல."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை, என்னைத் தேற்றவும் இல்லை.

கிரில்காரர் திரும்பி வந்ததும் அக்காவே பேசினாள். இந்த ஜன்னலுக்கும் கிரில் போடச் சொன்னாள். ஆனால் கதவு மாதிரித் திறக்க வேண்டும், பூட்டு உள்பக்கம் இருக்க வேண்டும் என்றாள்.

அடுத்த வாரம் வேலை முடிந்தது. பூட்டுக்கு இரண்டு சாவி. அவசரத்துக்கு என்னிடம் ஒன்று இருக்கட்டுமே என்று பழக்கதோஷத்தில் கையை நீட்டினேன்.

"ரெண்டும் என்கிட்டயே இருக்கட்டும்," என்றாள் அக்கா.