இடது காலுக்கு வேலையில்லை

நான் அயோக்கியன்தான், ஒப்புக்கொள்கிறேன். பன்னிரண்டு வருஷம் அருப்புக்கோட்டையில் ஆக்டிங் டிரைவராக, ஊரான் வண்டிக்கெல்லாம் ஒருநாள் மாப்பிள்ளையாக இருந்து பாருங்கள், அப்புறம் என்னைத் திட்டலாம். எனக்கு வேண்டியது ஒரு நிரந்தர வேலை. பருப்பு மில் இன்பராஜ் முதலாளியிடம் அந்த வேலையில் தவசி அண்ணன் பதினெட்டு வருஷமாக உட்கார்ந்திருந்தார்.

தொண்ணூற்றேழு ஆவணியில் முதலாளி அம்பாசிடரைத் தள்ளிவிட்டு வெளிநாட்டுக் கார் வாங்கினார். மெட்ராசிலிருந்து அதை ஓட்டிவந்தவன் விளக்கியபோது தவசி அண்ணன் பூஜைக்கு எலுமிச்சம்பழம் வாங்கப் போயிருந்தார். நான்தான் பக்கத்தில் நின்றேன்.

"கிளச்சே கிடையாது. பிரேக்கை மிதிச்சுக்கிட்டு ஸ்டார்ட் பண்ணு, கியர் கம்பியை 'டி'க்கு இழு, அவ்வளவுதான். நீயே கியர் மாத்தணும்னா கம்பியைப் பக்கத்துல தள்ளு. மேலே தட்டினா கியர் கூடும், கீழே தட்டினா குறையும். எல்லாம் வலது கால்தான். இடது காலுக்கு வேலையில்லை." சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டான்.

தவசி அண்ணன் வேர்த்து விறுவிறுத்து வந்தார். "என்னலே சொன்னான், பூமி?"

"ஒண்ணுமில்லண்ணே, அம்பாசிடர் மாதிரிதான். 'டி'யில போட்டா கியர் தானா மாறிக்கிடும்."

சொல்ல எனக்கு வாய் கூசவில்லை.

நாலு டயருக்கு முன்னாலும் பழம் வைத்தாயிற்று. முதலாளியின் மனைவி கனகலட்சுமி அம்மா பின்சீட்டில் ஏறினார். நல்ல நேரம் முடியப்போகிறது என்று முதலாளி கத்தினார். தவசி அண்ணன் கீழே குனிந்து பார்க்கக்கூட இல்லை. இடது கால் பழக்கத்தில் அகலமான மிதியில் போய் உட்கார்ந்தது. ஸ்டார்ட் ஆனது, கம்பியை 'டி'க்கு இழுத்தார். கிளச்சை விடுவதாக நினைத்து அந்தக் காலை மெல்லத் தூக்கி, வலது காலால் ஆக்சிலேட்டரை அமுக்கினார். பழங்களை நசுக்கிக்கொண்டு வண்டி பாய்ந்தது. பயந்துபோய் இடது காலால் ஓங்கி மிதித்தார். மிதித்தது பிரேக். வண்டி அப்படியே நின்றது, அம்மாவின் நெற்றி முன்சீட்டில் மோதிப் புதுச்சேலையெல்லாம் ரத்தம்.

முதலாளி அவரை வெளியே இழுத்து, மில் ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும் அறைந்தார். "நல்ல நாளும் அதுவுமா ரத்தப்பலியா குடுக்கே? இனி இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காத!"

ஐம்பது வயது மனுஷன் கன்னத்தைப் பிடித்தபடி என்னையே பார்த்தார். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அம்மாவை நெற்றியில் துணி கட்டி உள்ளே கூட்டிப்போனார்கள்.

"பூமி, நீ எடுலே. திருச்சுழி கோயிலுக்குப் போயிட்டு வருவோம்," என்றார் முதலாளி.

போகும்போது சும்மா இருந்தேனா? பஸ்ஸை முந்துகையில் கம்பியைப் பக்கத்தில் தள்ளிக் கீழே ஒரு தட்டு தட்டினேன், வண்டி சீறியது. "பாத்தீகளா மொதலாளி, கிளச்சே இல்ல. சின்னப்புள்ளகூட ஓட்டிரும்!" மூளையுள்ளவன் இதைச் சொல்வானா?

கிளச்சை விடத் தெரியாமலே இருபது வருஷத்துக்கு முன்னால் கார் பழகுவதை விட்டவர் முதலாளி. திரும்பும்போது, "தள்ளு, நான் பாக்கேன்," என்றார். இடது காலை மடக்கி வைக்க நானே சொல்லிக்கொடுத்தேன். பாதி தூரம் வருவதற்குள் ஒரு கையால் ஓட்டினார். ஒரு பஸ் ஸ்டாப்பில் நிறுத்தி, வாய் கொள்ளாமல் சிரித்தார்.

"இதுக்கு எதுக்குலே டிரைவரு? எறங்கிக்க. பஸ்ஸுல வந்துரு."

புழுதியில் நின்றேன். எதிரே திருச்சுழி பஸ் வந்து நின்றது. சன்னலோரம், வேலை போய் ஊருக்குத் திரும்பும் தவசி அண்ணன், கன்னம் வீங்கி. தூரத்தில் தானே ஓட்டிப் போகும் முதலாளியைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

"என்ன பூமி, அம்பாசிடர் மாதிரிதானாலே?"

பஸ் கிளம்பிவிட்டது.