ராசம்மாள் கொண்டுவந்த குழம்பு

ஞானமேரியின் வயிற்றில் மூங்கில் குழலை வைத்து உறிஞ்சிய நாட்டு வைத்தியர் மண்ணாங்கட்டி, ஒரு மயிர்ச்சுருளையும் கறுப்பாக ஓர் உருண்டையையும் வாழையிலையில் துப்பினார். சோற்றில் கலந்து வைக்கிற இடுமருந்தை எடுப்பதில் மரக்காணம் பக்கத்தில் அவருக்குத்தான் பேர்.

"அசலார் கையால எங்கனா சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார்.

ஞானமேரி தாவணியை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள். அவள் அம்மா ஆனந்தம்மாள் முந்திக்கொண்டாள். "டிஸ்பென்சரில வாரா வாரம் சாப்பிடுதுங்க. உப்பளத்துல வேலை செய்யறாளே ராசம்மா, அவகூட ஆக்கிட்டு வருவா."

"அப்புறம் என்ன? அவதான் வச்சிருக்கா. கல்யாணம் ஆகக்கூடாதுன்னே வச்சிருக்கா."

அப்பா சிலுவைமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். சவுக்குத்தோப்பு குத்தகைக்காரர், மாதா கோயில் பங்கில் நாலு பேர் மதிக்கும் மனிதர். இந்த மாதிரி இடத்துக்கு வந்ததே அவருக்கு அவமானம். அந்த அவமானத்துக்கு இப்போது ஒரு பெயர் கிடைத்துவிட்டது.

மண்ணாங்கட்டி சொன்னது பொய் என்று ஞானமேரி ஒருத்திக்குத்தான் தெரியும். அவளை வாந்தி எடுக்க வைத்தது மருந்து இல்லை. அவளுடைய விரல்.

அவள் அக்கா பிலோமினா போன வருஷம் பிரசவத்தில் இறந்துபோனாள். பிள்ளை பிழைத்துக்கொண்டது. முப்பதாம் நாள் பூசை முடிந்து பந்தியில் உட்கார்ந்தபோது பெரியவர்கள் பேசியது ஞானமேரியின் காதில் விழுந்தது. அக்கா புருஷன் சகாயநாதனுக்கு இவளையே கட்டிவைத்துவிடலாம், திருச்சபை கேட்கிற அனுமதியை ஆயரிடம் வாங்கிக்கொள்ளலாம். அன்றைக்கு வாயில் வைத்த சோறு இறங்கவில்லை. கொல்லைப்பக்கம் போய்த் துப்பினாள். அதற்குப் பிறகு எதைத் தின்றாலும் நெஞ்சில் அடைத்துக்கொண்டு நின்றது. விரலை விட்டு வெளியே எடுத்தால்தான் மூச்சு வந்தது. உடம்பு இளைத்தது. பொண்ணு தேறட்டும் என்று கல்யாணத்தைத் தள்ளிப்போட்டார்கள். அது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. பிறகு ஒருநாள், பசித்துச் சாப்பிட்டதைக்கூட வைத்துக்கொள்ள முடியவில்லை என்று தெரிந்தபோது பயம் வந்துவிட்டது.

டிஸ்பென்சரி நர்ஸ் லீமாதான் அவளை வியாழக்கிழமைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டாள். லீமா சென்னையில் ஒரு மனநல ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தவள். சோற்றோடு சண்டை போடும் பெண்களை அங்கே ஒன்றாக உட்காரவைத்துப் பேசவிடுவதைப் பார்த்திருக்கிறாள். இங்கே மூன்று பேர் சேர்ந்தார்கள். விரதம் விரதம் என்று ஆரம்பித்துக் கடைசியில் கஞ்சியைக்கூடத் தொடாமல் கிடந்த தையல்நாயகி. சாம்பலும் களிமண்ணும் தின்று ரத்தம் வற்றிப்போன ராசம்மாள். அப்புறம் ஞானமேரி. வாரம் ஒருத்தி சமைத்து வரவேண்டும். எல்லோரும் சேர்ந்து சாப்பிடவேண்டும். சாப்பிட்ட பிறகு யாரும் உடனே எழுந்து கொல்லைக்குப் போகக்கூடாது. மனசில் வருவதைப் பேசவேண்டும். மற்ற இரண்டு பேரும் உள்ளதைச் சொன்னார்கள். ஞானமேரி மட்டும், "தானா வருது சிஸ்டர்" என்றே சொல்லிவந்தாள். அவள் விரல் முட்டியில் பல் பட்ட தழும்பை லீமா பார்த்திருந்தாள். ஆனாலும் கேட்டதில்லை.

மண்ணாங்கட்டியைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் வியாழன். அது எழுபத்தேழாம் வருஷத்துக் கோடை, டிஸ்பென்சரி ஓடு கொதித்தது. அன்றைக்கு ராசம்மாளின் முறை. உப்பளத்திலிருந்து நேராக வந்தவள், காலில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்க, தூக்குச்சட்டியைத் திறந்தாள். நெத்திலிக் குழம்பு.

"உனக்குக் காரம் ஆவாதுன்னு மிளகா கொறச்சுப் போட்டேன்" என்றாள் ஞானமேரியிடம்.

அப்பாவும் அக்கா புருஷனும் இன்றைக்கு இங்கே வருவதென்று ராத்திரியே முடிவு செய்திருந்தார்கள். வரப்போகிறார்கள், போய்விடுங்கள் என்று சொல்ல ஞானமேரிக்கு நாக்கு எழவில்லை. ஏன் வருகிறார்கள் என்று கேட்டால் எல்லாவற்றையும் சொல்லவேண்டியிருக்கும். தட்டை வாங்கிக்கொண்டாள். தையல்நாயகி சாப்பிட ஆரம்பித்தாள். ஞானமேரி சோற்றைப் பிசைந்துகொண்டே வாசலைப் பார்த்தாள்.

கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார்கள். சிலுவைமுத்து நேராக ராசம்மாள் எதிரில் போய் நின்றார்.

"என் பொண்ணுக்கு என்னடி வச்ச?"

"இன்னா சொல்றீங்க? ஒண்ணும் புரியலியே..."

சகாயநாதன் அவள் கொண்டையைப் பிடித்துவிட்டான். "நட மண்ணாங்கட்டிகிட்ட. வச்சத நீயே எடு. இல்லன்னா இந்த ஊர்ல எந்த உப்பளத்துலயும் நீ கால் வைக்க முடியாது."

ராசம்மாள் கீழே சாய்ந்தாள். லீமா குறுக்கே வந்தாள். "கைய எடுங்க! இது ஆஸ்பத்திரி."

"நீங்க ஒதுங்குங்க சிஸ்டர். நீங்களும் இதுக்கு உடந்தையா?" என்றான் சகாயநாதன்.

"நானும் அதே சோத்தத்தான துன்னேன்? எனக்கு ஒண்ணும் ஆவலியே!" என்று கத்தினாள் தையல்நாயகி.

"உனக்கு வைக்கலியே அவ" என்றார் சிலுவைமுத்து.

ராசம்மாள் அழவில்லை. தலை ஒரு பக்கம் இழுபட்டிருக்க, அவள் கண் ஞானமேரியைத் தேடியது.

"விடுங்க மாமா" என்றாள் ஞானமேரி. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "விடுங்க! நான்தான் வெரல விட்டு வாந்தி எடுக்கறேன். யாரும் எதுவும் வைக்கல."

சகாயநாதன் மாமனாரைத் திரும்பிப் பார்த்தான்.

"மருந்து பேச வைக்குது" என்றார் சிலுவைமுத்து மெதுவாக.

ஞானமேரி வலது கையை நீட்டி முட்டியைக் காட்டினாள். அவர் பார்க்கவில்லை. அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. தூக்கை இழுத்து, மிச்சமிருந்த குழம்பு முழுவதையும் தன் தட்டில் கொட்டினாள். "இவங்க குடுத்தது. இத முழுசா துன்றேன். உக்காந்து பாருங்க. மருந்தா இருந்தா தானா வரும். நானா வெரல விட்டாத்தான் வரும்னா, இப்ப வராது."

"வேணாம் ஞானம்" என்று தடுத்தாள் லீமா.

"தின்னட்டும், பாக்கலாம்" என்றான் சகாயநாதன். கொண்டையிலிருந்து கையை எடுத்தான். ஆனால் கதவை விட்டு நகரவில்லை.

சாப்பிட்டாள். ஒவ்வொரு வாயும் தொண்டையில் முட்டிக்கொண்டு இறங்கியது. தட்டு காலியானதும் கையைத் துணியில் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள். சிலுவைமுத்து எதிர் பெஞ்சில் உட்கார்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் வயிறு புரட்டியது. வாய் முழுக்க எச்சில் ஊறியது. விழுங்கினாள். மறுபடி ஊறியது. விரல் விட்டுப் பழகிப் பழகி, வெறும் கருவாட்டு வாசனைக்கே வாந்தி வந்துவிடுகிற உடம்பு அது. இப்போது வந்துவிட்டால் ராசம்மாள் கதை முடிந்தது.

"பாரு, வருது" என்றான் சகாயநாதன்.

லீமா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பேசு ஞானம். வாய மூடிக்கிட்டு இருக்காத. நெஞ்சுல என்ன நிக்குதோ அதச் சொல்லு."

"அக்கா நிக்குது" என்றாள் ஞானமேரி. அப்பாவின் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்துப் பேசினாள். "அக்கா பொடவைய எடுத்து வச்சிருக்கீங்க, எனக்குக் கட்டறதுக்கு. அக்கா பாய்ல நான் படுக்கணும். என்னால முடியாதுப்பா. கொழந்தைய நான் வளக்கறேன். அதுக்கு அம்மாவா இருக்கறேன். மாமாவுக்குப் பொண்டாட்டியா இருக்க முடியாது. சோறு துன்னு தேறிட்டேன்னா கல்யாணம் பண்ணிடுவீங்க. அதான்."

குமட்டல் ஒருமுறை மேலே வந்தது. இரண்டு கையாலும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு அடக்கினாள். பிறகு மெல்ல, மிக மெல்ல, வயிறு அமைதியானது.

சகாயநாதன்தான் முதலில் பேசினான். "புடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே. நான் என்ன மிருகமா?"

"அம்மாகிட்ட சொன்னேன். அழுதாங்க. அதுக்கு மேல யார்கிட்ட சொல்றது?"

அவன் ராசம்மாளைப் பார்த்தான். கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான். சிலுவைமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். போகும்போது, "வீட்டுக்கு வா, பேசலாம்" என்று மட்டும் சொன்னார்.

ராசம்மாள் கொண்டையை முடிந்துகொண்டு தூக்கை எடுத்தாள். "இவங்க வருவாங்கன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்க்கா."

"தெரிஞ்சும் என் கையால தட்ட வாங்கிக்கினு கம்முனு உக்காந்திருந்தியா?"

ராசம்மாள் போய்விட்டாள்.

வீட்டில் ஒரு வாரம் யாரும் அவளோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் ஆயருக்கு அனுப்ப வைத்திருந்த கல்யாண மனுவைப் பங்குச் சாமியாரிடமிருந்து சிலுவைமுத்து திரும்ப வாங்கிக்கொண்டார். குழந்தை அவர்கள் வீட்டிலேயே வளர்ந்தது. சகாயநாதன் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்த்துவிட்டுப் போனான். வாந்தி அதோடு நின்றுவிடவில்லை. சில நாள் விரல் தானாக வாய்க்குப் போனது. அதையும் வியாழக்கிழமைகளில் மறைக்காமல் சொன்னாள்.

ராசம்மாள் அதற்குப் பிறகு கூட்டத்துக்கு வரவில்லை. ஞானமேரி உப்பளத்துக்கே தேடிப் போனாள். வெயிலில் பாத்தியில் நின்று உப்பு வாரிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மன்னிச்சிடுங்கக்கா" என்று கரையில் நின்றபடியே சொல்லிவிட்டு ஞானமேரி திரும்பினாள்.

ஆடி பிறந்து ஒரு வியாழக்கிழமை, தட்டு போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் ராசம்மாள் உள்ளே வந்தாள். எல்லோரையும் விட்டுத் தள்ளி, சுவரோரமாக உட்கார்ந்தாள். முகம் வெளுத்து உதடு காய்ந்திருந்தது.

ஞானமேரி எழுந்தாள். "அக்கா..."

"உனக்காக வரல" என்றாள் ராசம்மாள். "உம்மேல இருக்கற கோவம் இன்னும் தீரல. ஆனா அன்னிலேந்து அடுப்பாண்ட போனாலே சாம்பல அள்ளிப் போட்டுக்கறேன். தனியா கெடந்து செத்துடுவேன் போலக்குது."

லீமா அவளுக்கு ஒரு தட்டு வைத்தாள். ஞானமேரி தன் தட்டை எடுத்துக்கொண்டு போய், நெருங்கி உட்காராமல், அவளுக்கு எதிரே சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். அன்றைக்கு முதலில் பேசியது ராசம்மாள். மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.