ஒரு கைப்பிடி பாஸ்தா

என் கணவரின் கால்சட்டை இடுப்பை நான்காவது தடவையாகப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மெஷினிலிருந்து பொத்தான் அக்கா எட்டிப் பார்த்து, "என்னடி, உன் வீட்டுக்காரர் வத்திக்கிட்டே போறாரு?" என்று கேட்டாள். நாங்கள் இருவரும் ஒரு துணிக்கடையின் மாடியில் ஆல்டரேஷன் பார்க்கிறவர்கள். அவளுக்குப் பொத்தான், கொக்கி, ஜிப். எனக்கு இடுப்பும் நீளமும். முப்பத்தெட்டு அங்குலமாக இருந்த இடுப்பு இப்போது முப்பத்து மூன்று. பின்பக்கத் தையலில் இவ்வளவு பிடித்தால் இரண்டு பின் பாக்கெட்டுகளும் நெருங்கி வந்து ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும். புதிதாக வாங்கச் சொன்னால், "இன்னும் எறங்கும், பொறு" என்பார். உடம்பு இறங்குவதில் அவருக்கு அவ்வளவு பெருமை. "நல்லாத்தான் இருக்காரு" என்று அக்காவிடம் சொன்னேன். பொய் இல்லை. அவர் நன்றாகத்தான் இருந்தார்.

அவர் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் நான் வைத்திருக்கும் பெயர் அளவுக்காரர். சங்கிலி பிடித்து ஊர் நிலத்தையெல்லாம் அளந்த மனிதர், ஓய்வுக்குப் பிறகு அளக்க எதுவும் இல்லாமல் ஒரு வருடம் தவித்தார். பிறகு சர்க்கரை வந்தது. சொன்னால் தப்பாகத் தெரியும், ஆனால் அது அவருக்கு ஒரு வேலை கிடைத்த மாதிரி இருந்தது. விரலைக் குத்தி அளக்கலாம், எடை பார்க்கலாம், காலடிகளை எண்ணலாம். எல்லாவற்றையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிவைத்தார். ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் என்று ஒரு சின்னப்பெண் எங்களை உட்காரவைத்து, இரவுச் சாப்பாட்டில் மாவுச்சத்தைக் குறைத்தே ஆகவேண்டும் என்றாள். அவருக்குப் பிடித்தது பாஸ்தாதான் என்று நான் சொன்னேன். நான் தக்காளியும் பூண்டும் வதக்கிச் செய்கிற பாஸ்தாவை முப்பத்தொரு வருடமாக, வாரத்தில் நாலு நாளாவது, அலுக்காமல் சாப்பிட்டவர். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "அதே தக்காளி, அதே பூண்டு போடுங்க ஆன்ட்டி. பாஸ்தாவுக்குப் பதிலா சுக்கினின்னு வெள்ளரிக்கா மாதிரி ஒரு காய் இருக்கு, அதை நூல் நூலாத் திருகிப் போட்டுடுங்க. நாக்குக்குத் தெரியாது, ரத்தத்துக்குத் தெரியும்" என்றாள். நார்ச்சத்து உண்டாம், தண்ணீர்ச் சத்து உண்டாம், வயிறு நிறையுமாம், மாவுச்சத்தோ பேருக்குத்தானாம். சாப்பிட்ட பிறகு சர்க்கரை ஒரேயடியாக ஏறாதாம். ராத்திரிச் சாப்பாட்டை ஆறரைக்கே முடித்துவிட வேண்டுமாம். அவர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.

அவள் சொன்னதில் எதுவும் பொய்யாகவில்லை. காயைத் திருகுகிற கைமெஷின் ஒன்று வாங்கினோம். காலையில் அவர் நடக்கப் போயிருக்கும்போது நான் இரண்டு சுக்கினியைத் தோல் சீவித் திருகி, உப்புப் போட்டுப் பிசிறி, தண்ணீரைப் பிழிந்து, ஒரு வதக்கு வதக்கித் தக்காளியோடு சேர்த்து டப்பாவில் வைத்துவிட்டு வேலைக்குப் போவேன். மாலை ஆறரைக்கு அவர் சூடாக்கிச் சாப்பிடுவார். மூன்று மாதத்தில் எண்கள் மளமளவென்று இறங்கின. முட்டி வலி போனது. ரத்த அழுத்த மாத்திரையில் ஒன்றை டாக்டர் நிறுத்தினார். குறட்டைகூட நின்றுவிட்டது. முப்பத்தொரு வருடம் அந்தக் குறட்டையைத் திட்டிக்கொண்டே தூங்கியவள், இப்போது சத்தமில்லாத அறையில் விழித்துக்கொண்டு, மூச்சு வருகிறதா என்று அவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது? புருஷனுக்கு உடம்பு தேறிவிட்டது என்று அழுகிறவளை யாராவது கண்டிருக்கிறார்களா?

விஷயம் இதுதான். எனக்குக் கடை எட்டு மணிக்குத்தான் முடியும். வீடு சேர எட்டரை ஆகும். முன்பெல்லாம் அவர் எனக்காகக் காத்திருப்பார். ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். சாப்பாட்டை விட, அந்த முக்கால் மணி நேரப் பேச்சுத்தான் எங்கள் வீட்டில் குடித்தனம் என்று இருந்தது. இப்போது நான் கதவைத் திறக்கும்போது அவர் தட்டு கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். ஆறரைக்குச் சாப்பிட்ட காய் எட்டரைக்குள் கரைந்துபோய் மறுபடி பசிக்கும் அவருக்கு. அந்தப் பசியோடு உட்கார்ந்திருக்க முடியாமல் விரலைக் குத்தி எண்ணைப் பார்த்து எழுதிவிட்டு, "வந்துட்டியா, நான் படுக்கறேன்" என்று போய்விடுவார். நான் சமையலறையில் நின்றபடியே ரொட்டியைத் தின்றேன். ஒருத்திக்காக மேஜையைத் துடைப்பானேன் என்று துடைக்காமலே விட்டேன். பகலெல்லாம் யார் யாருடைய இடுப்பையோ தொட்டு அளந்துவிட்டு வருகிறவளுக்கு, வீட்டில் ஒரு வார்த்தை பேச ஆளில்லை.

கால்சட்டையை அந்த நான்காவது தடவை தைத்த மறுநாள் காலையில்தான் அதைச் செய்தேன். முந்தின இரவு அவர் அதைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சட்டையைக் கழற்றியபோது தோள்பட்டை எலும்புகளைப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை. அலமாரியில் பழைய பாஸ்தா பாக்கெட் இருந்தது, குச்சி குச்சியான நீள வகை. ஒரு கைப்பிடி எடுத்து வேகவைத்து, காய் நூலோடு நூலாகக் கலந்துவிட்டேன். தக்காளிச் சிவப்பில் எல்லாம் ஒன்றாகத் தெரிந்தது. ஒரு நாள்தானே என்று சொல்லிக்கொண்டேன். பாஸ்தா வெந்த தண்ணீரைக் குழாயைத் திறந்துவிட்டு வாசனை போகிறவரை கழுவிவிட்டேன். ஒரு நாள்தானே என்று நினைத்தவள் அவ்வளவு கவனமாகக் கழுவியிருக்க வேண்டியதில்லை.

அன்று எட்டரைக்குக் கதவைத் திறந்தால் அவர் மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். எனக்கு ஒரு தட்டும் போட்டிருந்தார். "இன்னைக்கு என்ன, வேற காயா? ரொம்ப நல்லாருந்துச்சு" என்றார்.

"அதே காய்தாங்க. இளசா கெடைச்சுது."

"பசியே எடுக்கல, பாரேன். நீ சாப்பிடு, நான் இருக்கேன்."

இருந்தார். ஒன்பதே காலுக்கு மேலும் இருந்தார். நடைப்பயிற்சியில் சேர்ந்துகொள்ளும் ஒரு பேங்க்காரர், தன் மனைவிக்குப் பயந்து நாய்க்கு வாங்கிய பிஸ்கட்டைத் தானே தின்றாராம், அந்தக் கதையைச் சொன்னார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். கடைசியாக எப்போது அப்படிச் சிரித்தேன் என்று யோசித்துப் பார்த்தும் ஞாபகம் வரவில்லை. எண் மட்டும் இருபது கூடியிருந்தது. "ஏத்த எறக்கம் இருக்கத்தான் செய்யும்" என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டு எழுதினார்.

அதற்குப் பிறகு நிறுத்த எனக்குக் கை வரவில்லை. ஒரு கைப்பிடி என்பது ஒன்றரை ஆனது, பிறகு இரண்டு ஆனது. நடுவில் பயந்துபோய் இரண்டு நாள் வெறும் காயை வைத்தேன். அந்த இரண்டு நாளும் எண் இறங்கியது. அந்த இரண்டு நாளும் எட்டரைக்கு அவர் படுக்கைக்குப் போய்விட்டார். மூன்றாம் நாள் காலை நான் மறுபடி அலமாரியைத் திறந்தேன். அவர் மேல் இரக்கப்பட்டுத்தான் கலந்தேன் என்று அதுவரை என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அந்தப் பொய்யும் நின்றது. எனக்கு அந்த முக்கால் மணி நேரம் வேண்டும். அதற்காகத்தான்.

எண் ஏற ஏற அவர் சந்தேகப்படத் தொடங்கினார். முதலில் சோதனைப் பட்டைகளைச் சந்தேகப்பட்டுப் புது டப்பா வாங்கினார். பிறகு கருவியைச் சந்தேகப்பட்டு, லேபுக்குப் போய் ரத்தம் கொடுத்து, அந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தார். கருவியில் பிழை இல்லை. தன் நடையைச் சந்தேகப்பட்டு அதில் ஆயிரம் காலடி கூட்டினார். மாம்பழக் கடைப் பக்கம் நடந்தால் வாசனையிலேயே ஏறுமோ என்று கேட்டார், பாதையை மாற்றினார். என்னை மட்டும் அவர் சந்தேகப்படவில்லை. அந்த நோட்டில் எத்தனையோ காரணங்களைக் கேள்விக்குறி போட்டு எழுதியிருந்தார். அவற்றில் நான் இல்லை. எடுத்துப் படித்தேன், அதனால் சொல்கிறேன்.

மூன்று மாதச் சராசரியைப் பார்த்த டாக்டர், மாத்திரைக்குச் சர்க்கரை கட்டுப்படவில்லை என்றும் திங்கட்கிழமை முதல் இன்சுலின் ஊசி ஆரம்பித்துவிடலாம் என்றும் சொன்னார். என் கணவருக்கு முகம் சுண்டிப்போனது. அவருடைய அண்ணனுக்கும் ஊசியில்தான் ஆரம்பித்தது. பிறகு கண் மங்கி, ஒரு வருடத்தில் இரண்டுமே போனது. ஊசியால் போகவில்லை, கவனிக்காமல் விட்ட சர்க்கரையால் போனது என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். இவர் தலையை ஆட்டினார். ஆனால் காதில் வாங்கவில்லை என்று எனக்குத் தெரியும். அங்கேயே சொல்லியிருக்கலாம். டாக்டர் என்ன நினைப்பாரோ என்று வாயை மூடிக்கொண்டேன். வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து, நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். டப்பாவில் மட்டும் பாஸ்தாவை நிறுத்தினேன்.

வெள்ளிக்கிழமை கடையில் வேலை குறைவு. பொத்தான் அக்கா, "போடி, நான் பாத்துக்கறேன்" என்று அனுப்பிவிட்டாள். ஏழு மணிக்கே வீட்டுக்கு வந்தேன். கதவு திறந்திருந்தது. கூடத்தில் அவர் நடந்துகொண்டிருந்தார். இரண்டு கைகளையும் சற்று முன்னால் நீட்டியிருந்தார். கண்கள் இறுக மூடியிருந்தன.

"ஒம்பது, பத்து, பதினொண்ணு" என்று எண்ணிக்கொண்டே வந்து சமையலறைக் குழாயைத் தொட்டார். திரும்பினார். "குழாய்லேர்ந்து கட்டில் பதினாலு" என்று முணுமுணுத்துவிட்டு மறுபடி எண்ணத் தொடங்கினார். கட்டிலுக்கு ஓர் அடி முன்னால் அவர் கால் நாற்காலியில் இடித்தது. கண்ணைத் திறந்தவர் என்னைப் பார்த்தார்.

"சும்மாதான்" என்றார். "தெரிஞ்சு வச்சுக்கிட்டா நல்லதுதானே. உனக்குத்தான் கஷ்டம் கம்மி."

பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டேன். பாஸ்தா பாக்கெட், ஒரு கைப்பிடி, இரண்டு கைப்பிடி, கழுவிவிட்ட தண்ணீர், எல்லாம். எதற்காக என்பதையும் சொன்னேன். "நீங்க முழிச்சிருக்கணும்னுதாங்க" என்றபோது என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் அழுதிருப்பேன். அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "என்னைக்குலேர்ந்து?" என்று கேட்டார்.

தேதி சொன்னேன். நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைப் பிரித்தார்.

"ஒரு கைப்பிடின்னா எவ்வளவு?"

"கைப்பிடின்னா... கைப்பிடிதாங்க."

காய் நிறுக்கும் சின்னத் தராசைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். அலமாரியிலிருந்து அந்தப் பாக்கெட்டையும் எடுத்துவந்தார். "எப்பவும் எடுக்கிற மாதிரியே எடு" என்றார். எடுத்து வைத்தேன். நாலு குச்சிகள் தரையில் விழுந்தன. அவர் குனிந்து பொறுக்கித் தட்டில் சேர்த்தார். நாற்பத்து மூன்று கிராம். "இன்னொரு தடவை." முப்பத்தொன்பது. "இன்னொரு தடவை." நிலத்திலும் அப்படித்தான், மூன்று முறை அளந்தால்தான் அவருக்கு அளவு. சராசரி போட்டு, தேதி தேதியாக, எண்களுக்குப் பக்கத்தில் எழுதிக்கொண்டே போனார். ஏறிய எண் ஒவ்வொன்றுக்கும் காரணம் கிடைத்துக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் பயம் குறைவதைப் பார்த்தேன். அந்த நிம்மதியில் எனக்குப் பங்கு கிடையாது என்பதும் தெரிந்தது. ஒரு தடவைகூட அவர் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை.

பிறகு டாக்டருக்குப் போன் செய்தார். "இல்லைங்க டாக்டர், திங்கட்கிழமைக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். நான்தான் திருட்டுத்தனமா பாஸ்தா சாப்பிட்டுட்டு இருந்தேன். ஆமாங்க, ஏழு வாரமா. வீட்ல அவங்களுக்குத் தெரியாது." அந்தப் பக்கம் டாக்டர் திட்டுவது எனக்கும் கேட்டது. "சரிங்க, தப்புதாங்க" என்று மூன்று முறை சொன்னார். ஊசியைத் தள்ளிவைத்து, ஒரு மாதம் பார்க்கலாம் என்று முடிவானது.

"ஏங்க அப்படிச் சொன்னீங்க?" என்றேன்.

"பின்ன எப்படிச் சொல்லச் சொல்ற?" என்றார். அவ்வளவுதான். நோட்டை மூடி எடுத்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார்.

காலையில் விழித்தபோது வழக்கமாக அவர் வீட்டில் இல்லாத நேரத்தில் சத்தம் கேட்டது. அவர் நடக்கப் போகவில்லை. சமையலறையில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பழக்கமில்லாத கையால் காய் மெஷினைத் திருகிக்கொண்டிருந்தார். திருகும்போது இடையிடையே நூலைக் கத்தரித்துவிட வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. அது அறுபடாமல் வந்துகொண்டேயிருந்தது. ஒரு கையால் திருகியபடி மறுகையால் நூலைத் தூக்கிப் பிடித்தார். தோள் உயரம் வந்தது, தலைக்கு மேல் போனது, இன்னும் தட்டிலிருந்து ஏறிக்கொண்டிருந்தது. கை முழுக்க உயர்ந்துவிட்ட பிறகு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றார். ஈரமான வெள்ளை நூல் லேசாக ஆடியது. சமையலறை வாசற்படியில் நான் நிற்பது அவருக்குத் தெரியும். அவர் கூப்பிடவில்லை. கடையில் நூல் வெட்டுகிற கத்தரிக்கோல் என் பைக்குள் இருந்தது.